ஒரு பர்மனென்ட், ஒரு காண்ட்ராக்ட்

போன வாரம் நீங்கள் மூன்று பேரும் லட்டு டப்பாவோடு வந்து, வாத்தியார் வேலைக்கான ஆர்டர் கைக்கு வந்துவிட்டது என்று சொன்னபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. லட்டும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கிளம்பும்போது உங்களில் ஒருவர், "இனிமே கவலை இல்ல டீச்சர், பர்மனென்ட் ஆயாச்சு" என்றார். யார் என்று சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். அப்போதே பதில் சொல்லியிருப்பேன், வாய் நிறைய லட்டு. இப்போது வாய் காலியாக இருக்கிறது, கேளுங்கள்.

பாடம் எப்படி எடுப்பது, கரும்பலகையில் எப்படி எழுதுவது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சொல்லிக் கொடுக்காத ஒன்று இருக்கிறது. அறிவியல் கண்காட்சி அன்றைக்கு எந்தச் சோதனையும் நாம் நினைத்தபடி நடக்காது. அதுவரை ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்த மின்மணி அன்றைக்கு ஊமையாகிவிடும். சிறப்பு விருந்தினரின் கார் கேட்டைத் தாண்டிய பிறகு, தானாகவே கணகணவென்று அடிக்கும். அந்த நேரத்தில் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதுதான் உங்கள் உத்தியோகம். மற்றதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது.

நான் நெய்வேலியில் வேலைக்குச் சேர்ந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். சேர்ந்தது என்று சொல்வதே அதிகம். டெம்பரரி. ஜூன் மாதம் "வாங்க டீச்சர்" என்பார்கள், ஏப்ரல் கடைசியில் "போய்ட்டு வாங்க டீச்சர்" என்பார்கள். இப்படியே சில வருஷம் வந்தேன், போனேன். டெம்பரரிக்கு குவார்ட்டர்ஸ் கிடையாது. ஆகவே நெல்லிக்குப்பத்தில் எங்கள் வீட்டிலிருந்து விடிந்தும் விடியாமலும் கிளம்பி, பண்ருட்டியில் இறங்கி, அடுத்த பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு டவுன்ஷிப்புக்கு வருவேன். வந்து சேரும்போது புடவையின் மடிப்பெல்லாம் போய், யாரோ பிழிந்து கொடியில் போட்டதுபோல இருப்பேன்.

நெய்வேலியில் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக ஒருவரைப் பார்த்தால் ஊர், பேர் கேட்பதற்கு முன்னால், "பர்மனென்ட்டா?" என்று கேட்பார்கள். எல்லா ஜில்லாவிலிருந்தும் வந்து குவிந்த ஜனங்கள். சாதி, சனம், மாமன், மச்சான் எதுவும் ஒருவருக்கொருவர் தெரியாது. ஆகவே மனிதர்களை இரண்டே வகையாகப் பிரித்து வைத்திருந்தார்கள். பர்மனென்ட், காண்ட்ராக்ட். பேச ஆரம்பித்த குழந்தைகூட அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் வேலையைச் சொல்லாது, "பர்மனென்ட்" என்று சொல்லும்.

அப்படி நான் டெம்பரரியாக இருந்த ஒரு வருஷம், அறிவியல் கண்காட்சிக்குச் சிறப்பு விருந்தினராக வர இருந்தவர் ஒரு பெரிய ஆபீசர். பள்ளிக்கூடத்து வேலை ஆர்டர்கள் எல்லாம் அவர் மேசையைத் தாண்டித்தான் வெளியே வரும். எங்கள் தலைமையாசிரியர் திருநெல்வேலிக்காரர், நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். பக்கத்து நிலக்கரி மைன்ஸில் வெடி வைத்து ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். அவர் என்னைக் கூப்பிட்டு, நான் நல்லதாக ஒன்று செய்து காட்டினால் என் பெயரை ஆபீசர் காதில் போட்டு வைப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகு எனக்கு ராத்திரி தூக்கம் போய்விட்டது. ஆர்டர் வந்தால் குவார்ட்டர்ஸ் வரும், குவார்ட்டர்ஸ் வந்தால் பண்ருட்டி பஸ் போகும். இதுதான் என் கணக்கு.

என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அந்த வெடிதான் யோசனையைக் கொடுத்தது. ஒன்பதாம் வகுப்பில் நிலநடுக்கம் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் அதிர்ந்தது. ரவி என்ற பையன் எழுந்து, பூகம்பம் வந்தால் நம் ஊரில் யாரும் ஓடமாட்டார்கள், மைன்ஸ் வெடி என்று நினைத்துக்கொண்டு சோறு தின்றுகொண்டிருப்பார்கள் என்றான். வகுப்பே சிரித்தது. சிரித்து முடித்ததும், அப்படியானால் தின்றுகொண்டிருக்கும்போது வீடு விழாமல் இருக்க என்ன வழி என்று கேட்டேன். அங்கிருந்துதான் ஆரம்பம்.

சோதனை சுலபம். தீப்பெட்டிக்குள் களிமண்ணை அமுக்கிச் சின்னச் சின்ன செங்கல் செய்தோம். அதைக்கொண்டு ஒரே அளவில் இரண்டு வீடு. ஒன்றில், ஜன்னலுக்கு மேலேயும் கூரைக்குக் கீழேயும் நாலு சுவரையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி மூங்கில் பட்டை, இடுப்பில் பெல்ட் போட்டதுபோல. மூலைகளில் கட்டுக்கம்பி. இன்னொன்றில் எதுவும் கிடையாது, வெறும் கல்லும் சேறும். இரண்டையும் ஒரு பலகையில் வைத்து, பலகைக்கு அடியில் கோலிக்குண்டுகளைப் பரப்பி, பலகையை ஆட்டினால் வெறும் வீடு விழும், பட்டை போட்ட வீடு நிற்கும்.

பலகையை ஒரே சீராக ஆட்ட வேண்டுமே? தையல் டீச்சரின் மிஷின் சக்கரத்திலிருந்து ஒரு கம்பியைப் பலகைக்கு இணைத்தோம். மிதித்தால் பலகை முன்னும் பின்னும் போய்வரும். தையல் டீச்சர் முதலில் மிஷினைத் தரவே மாட்டேன் என்றார். அப்புறம் ஒரு நிபந்தனையோடு தந்தார். தன் மிஷினைத் தான் மட்டும்தான் மிதிப்பாராம். ஆகவே எங்கள் நிலநடுக்கம் முழுக்க முழுக்கத் தையல் டீச்சரின் காலில் இருந்தது.

ஒத்திகை ஆரம்பமான அன்றைக்கே ரவி கேட்டான், "டீச்சர், இதுல எது பர்மனென்ட், எது காண்ட்ராக்ட்?" எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடம், நிலநடுக்கத்தைத் தாங்காத கட்டடம் என்று ஒவ்வொரு தடவையும் யார் வாய் வலிக்கச் சொல்வது? அன்றிலிருந்து பட்டை போட்டது பர்மனென்ட், போடாதது காண்ட்ராக்ட். தையல் டீச்சர் மிதிப்பார், காண்ட்ராக்ட் பொலபொலவென்று விழும், "காண்ட்ராக்ட் அவுட்டு" என்று வகுப்பே கத்தும். நானும் கைதட்டுவேன்.

கத்தாதவள் ஒருத்தி இருந்தாள். பூங்கோதை. குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து வருகிற பெண். அவள் அப்பா மைன்ஸில் காண்ட்ராக்ட் ஆள். கரி ஓடுகிற கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை வாரிப் போடும் வேலை. வகுப்பில் மற்ற எல்லாருடைய அப்பாவும் பர்மனென்ட். ஒவ்வொரு தடவை விழுந்த வீட்டையும் திரும்பக் கட்டுவது இந்தப் பூங்கோதைதான். சேறு குழைப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்பதால் அந்த வேலையை அவளிடம் கொடுத்திருந்தேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாமல் கட்டுவாள். கண்காட்சிக்கு முந்தின தினம், கடைசி வீட்டை ஆற அமரக் கட்டவேண்டும், வேறு யாரும் பக்கத்தில் வரக்கூடாது என்றாள். பொறுப்பான பெண் என்று நான் மெச்சிக்கொண்டேன்.

கண்காட்சி அன்று தையல் டீச்சர் பட்டுப்புடவையில் வந்து மிஷினில் உட்கார்ந்தார். பர்மனென்ட் வீடு வெள்ளை வெளேரென்று இருந்தது, பையன்கள் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். பெற்றோர்கள் வந்து கூடத்தில் நிறைந்துவிட்டார்கள். பர்மனென்ட் அப்பாக்கள் முன்னால் நாற்காலிகளில். காண்ட்ராக்ட் ஆட்கள் சிலர் ஷிப்ட் முடிந்து கரி முகத்தோடு நேராக வந்து பின்னால் சுவரோரமாக நின்றார்கள்.

அப்போதுதான் தலைமையாசிரியர் மேசையைச் சுற்றிப் பார்க்க வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். என்ன என்று திரும்பிப் பார்த்தேன். நான் நீளமாக எழுதச் சொல்லியிருந்த வாசகம் அட்டையில் அடங்கவில்லை என்று ரவி தானாகவே சுருக்கி, கொட்டை எழுத்தில் எழுதி, மைதா பசையை அள்ளி அப்பி மேசையில் ஒட்டியிருந்தான். ஒரு வீட்டுக்கு முன்னால் 'பர்மனென்ட்', இன்னொன்றுக்கு முன்னால் 'காண்ட்ராக்ட் (விழும்)'.

உங்களுக்கு அதன் விபரீதம் புரிய வேண்டும். அந்தச் சமயம் காண்ட்ராக்ட் ஆட்கள் தங்களைப் பர்மனென்ட் ஆக்கச் சொல்லி தினமும் கொடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். நிர்வாகத்தின் சார்பில் அந்தக் கோரிக்கையைக் கேட்டுக்கொண்டு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களில் இந்த ஆபீசரும் ஒருவர். தலைமையாசிரியர் அட்டையைப் பிய்க்கப் பார்த்தார். மூலை மட்டும் கிழிந்து கையோடு வந்தது. அதற்குள் கார் வந்துவிட்டது.

"என்ன டீச்சர், இப்படித் தலையில கல்லைப் போட்டுட்டிய" என்று என்னிடம் முனகிவிட்டு, மனிதர் இரண்டு அட்டைகளையும் மறைத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் கையை விரித்து நின்றார். ஆபீசர் மாலை போட்டுக்கொண்டு வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், மரியாதையாகப் பேசுகிறவர். "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வீடு தெரியலைங்க" என்றார். தலைமையாசிரியர் ஒரு அட்டை அளவுக்கு நகர்ந்தார். ஆபீசர் இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டினார். முழுசாக நகரவேண்டியதாகிவிட்டது.

ஆபீசர் இரண்டு அட்டைகளையும் படித்தார். வாய்விட்டுப் படித்தார். சுவரோரம் நின்றவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. அவர் ரவியைப் பார்த்து இது என்னப்பா என்று கேட்டார். ரவிக்கு விபரீதம் எதுவும் தெரியாது, ஒத்திகையில் சொன்னதை அப்படியே கணீரென்று சொன்னான்.

"சார், இப்ப பூகம்பம் வரும். காண்ட்ராக்ட் விழும், பர்மனென்ட் நிக்கும்."

நான் கண்ணை மூடிக்கொண்டு தையல் டீச்சருக்குத் தலையசைத்தேன். மிஷின் ஓடியது. கண்ணைத் திறந்தேன். காண்ட்ராக்ட் நின்றுகொண்டிருந்தது. தையல் டீச்சர் என்னைப் பார்த்தார். நான் இன்னும் வேகமாக என்று ஜாடை காட்டினேன். பட்டுப்புடவையை ஒரு கையால் தூக்கிச் சொருகிக்கொண்டு அவர் மிதித்த மிதியில் மேசையே ஆடியது. கோலிக்குண்டுகள் தெறித்து முன்வரிசை நாற்காலிகளுக்கு அடியில் ஓடின. காண்ட்ராக்ட் அப்படியே நின்றது. பர்மனென்ட் வீட்டில் சுண்ணாம்பு மேல் ஒரு கோடு விழுந்தது, கோடு விரிந்தது, பக்கச் சுவர் சரிந்து மொத்த வீடும் ஆபீசரின் ஷூ பக்கத்தில் போய் விழுந்தது.

பின்னாலிருந்து யாரோ ஒரு விசில் அடித்தார்கள். அவ்வளவுதான், சுவரோரம் நின்ற அத்தனை பேரும் கைதட்ட ஆரம்பித்தார்கள். தலைமையாசிரியர் தெர்மாகோல் சூரியனின் மேல் உட்கார்ந்துவிட்டார். அது பக்கத்து மேசைப் பையன்களுடையது.

கைதட்டல் ஓய்ந்ததும் ஆபீசர் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க டீச்சர், இது எப்படிங்க?"

உட்கார்ந்த இடத்திலிருந்தே தலைமையாசிரியர் கிசுகிசுத்தார். "போர்டு மாறிப்போச்சுன்னு சொல்லிருங்க டீச்சர். பொழைச்சுக்கிடலாம்."

நல்ல யோசனைதான். அதைக் குறை சொல்ல மாட்டேன். அட்டை மாறிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் ரவிக்கு ஒரு குட்டு, எல்லாருக்கும் ஒரு சிரிப்பு, ஆபீசருக்குக் கௌரவம், எனக்கு ஆர்டர். சொல்ல வாயைத் திறந்தும்விட்டேன். அப்போது பூங்கோதை கண்ணில் பட்டாள். அவள் ஆபீசரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பின்னால் சுவரோரம் நின்ற ஒரு கரி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல் நுனியில் சிவப்பாகக் கீறல்கள். காண்ட்ராக்ட் வீட்டு மூலையில் கட்டுக்கம்பியின் முனை ஒன்று பளபளவென்று எட்டிப் பார்த்தது. எனக்குச் சுருக்கென்றது. நானே ஒரு டெம்பரரி. காண்ட்ராக்ட் விழும்போதெல்லாம் சேர்ந்து கைதட்டியிருக்கிறேன். இந்தப் பெண் ஒவ்வொரு தடவையும் ஒன்றும் பேசாமல் அதைத் திரும்பக் கட்டியிருக்கிறாள்.

போர்டு மாறவில்லை சார் என்றேன். ஏன் நின்றது என்று இதைக் கட்டிய பெண்ணே சொல்லுவாள் என்று பூங்கோதையை முன்னால் கூப்பிட்டேன். பஸ்ஸில் இன்னும் எத்தனை வருஷம் நிற்க வேண்டுமோ என்று மனசுக்குள் ஓடியது நிஜம்.

பூங்கோதை குனிந்த தலை நிமிராமல் வந்தாள். "உள்ள கம்பி வச்சுக் கட்டிட்டேன் சார். மூங்கிலும் வச்சேன். வெளிய தெரியாம சேறு பூசிட்டேன்."

ஏன் அப்படிச் செய்தாய் என்று ஆபீசர் கேட்டார்.

"எங்கப்பா வந்து நின்னுகினு பாக்கும் சார். அது பாக்கும்போது வுழக் கூடாதுன்னு."

யாரும் சிரிக்கவில்லை. சுவரோரம் நின்ற அவள் அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். கரி போகவில்லை. ஆபீசர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அது சரி, இதிலேயும் கம்பி இருக்கிறது, அதிலேயும் கம்பி இருக்கிறது, அப்படியானால் பர்மனென்ட் ஏன் விழுந்தது என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. ரவி கையைத் தூக்கினான்.

"சார், காண்ட்ராக்ட் ஒவ்வொரு ஒத்திகைக்கும் புதுசா கட்டினது சார். பர்மனென்ட் முதல்ல கட்டின அதே வீடு. ஆட்டி ஆட்டி உள்ள எல்லாம் விரிசல் விட்டிருந்துச்சு."

விரிசலைப் பார்த்தும் ஏன் சரி செய்யவில்லை என்றார் ஆபீசர்.

"அதான் பர்மனென்ட் ஆச்சே சார், எங்க விழப்போகுதுன்னு வெள்ளையடிச்சு விட்டுட்டோம்."

முதலில் சிரித்தது ஆபீசர்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் முன்வரிசை பர்மனென்ட் அப்பாக்கள், சுவரோரக்காரர்கள், கடைசியாகத் தையல் டீச்சர். தலைமையாசிரியர் மட்டும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நெளிந்த சூரியனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

எல்லாம் முடிந்து ஆபீசர் கிளம்பும்போது என்னிடம் நின்று, "நீங்க பர்மனென்ட்டுங்களா டீச்சர்?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிப்போனவள்தான். இல்லை சார், டெம்பரரி என்றேன். அவர் மேசையில் நின்ற வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். அந்த 'சரிங்க'வுக்கு என்ன அர்த்தம் என்று நெல்லிக்குப்பம் போய்ச் சேரும்வரை மண்டையைக் குடைந்தேன்.

அதற்கு முன்னால் இன்னொன்று நடந்தது. கூடம் காலியான பிறகு பூங்கோதையின் அப்பா தயங்கித் தயங்கி வந்து அந்த வீட்டின் சுவரை விரலால் தொட்டுப் பார்த்தார். "இத வூட்டுக்கு எட்துகினு போலாங்களா டீச்சர்?" என்றார். தாராளமாக என்றேன். சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி, அப்பா தள்ள, மகள் பிடித்துக்கொள்ள, கேட்டுக்குப் போனார்கள். எங்கள் வாட்ச்மேன் மைன்ஸ் கேட்டில் வெகுகாலம் நின்றுவிட்டு வந்தவர். கேட் பாஸ் இல்லாமல் ஒரு ஆணிகூட வெளியே போகக்கூடாது என்பது அவர் ரத்தத்தில் ஊறியது. ஆள் போகலாம், கட்டடம் போகக்கூடாது என்றுவிட்டார். கடைசியில் தலைமையாசிரியர் ஒரு துண்டுத் தாளில், 'காண்ட்ராக்ட் கட்டடம் ஒன்று, நல்ல நிலையில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். எழுதும்போது அவர் சிரித்ததை நான் பார்த்தேன்.

அந்த ஏப்ரலில் வழக்கம்போல "போய்ட்டு வாங்க டீச்சர்" என்றார்கள். ஜூனில் "வாங்க டீச்சர்" என்றார்கள். சரிங்க என்றால் ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று நானும் பஸ்ஸில் நின்றேன். அதற்கடுத்த வருஷம் ஆர்டர் வந்தது. கண்காட்சியால் வந்ததா, காலம் கனிந்து வந்ததா, எனக்குத் தெரியாது. பின்னாலேயே குவார்ட்டர்ஸும் வந்தது. புதிதாக வெள்ளையடித்த வீடு. சாவியைத் திருப்பிக் கதவைத் திறந்தபோது நான் அழுதேன். அதைச் சொல்ல வெட்கப்படவில்லை.

குடிபோன சில மாதத்தில் பூங்கோதை ஒரு பை நிறைய வேர்க்கடலையோடு வீடு பார்க்க வந்தாள். அப்போது பதினொன்றாம் வகுப்பு. அவள் அப்பா அப்போதும் காண்ட்ராக்ட்தான். களிமண் வீடு அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறதாம். என் வீட்டில் அறை அறையாகப் பார்த்தாள். கூடத்துச் சுவரில் கையை வைத்துத் தடவினாள்.

"புதுசா வெள்ளையடிச்சிருக்காங்க டீச்சர். எதுக்கும் பாத்துகினு இருங்க."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்து, யாரும் பார்க்காதபோது சுவரைத் தட்டிப் பார்த்தேன். கெட்டியாகத்தான் இருந்தது. அப்போதுதான் மறுநாள் எட்டாம் வகுப்புக்கு மின்மணி செய்து காட்ட வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. டெம்பரரியாக இருந்தவரை எந்தச் சோதனையையும் செய்து பார்க்காமல் வகுப்புக்குள் கொண்டுபோனதில்லை. ஆர்டர் வந்த நாளிலிருந்து ஒன்றைக்கூடச் செய்து பார்த்த ஞாபகம் இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கும்போதே போய், ஆய்வுக்கூடத்தில் மணியை எடுத்து, வயரை மாட்டி, பொத்தானை அழுத்தினேன். அடிக்கவில்லை.